எலுமிச்சைக்கு அசையாத மஞ்சள்

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் கொதிநீர் ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு கைப்பிடி ஆவாரம்பூ, மற்றொன்றில் ஏழெட்டு நீலச் சங்குப்பூ. ஐந்து நிமிடம் மூடி வைத்தால் ஒன்று வைக்கோல் மஞ்சளாகவும் இன்னொன்று மை நீலமாகவும் நிற்கும். இப்போது இரண்டிலும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். நீலம் கண்ணெதிரே ஊதாவாகி, இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். மஞ்சளோ அசையாது. கூர்ந்து பார்த்தால் கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவுதான்.

பல்லடம், காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகளின் ஓரத்தில் இவ்விரண்டையும் ஒரே நடையில் பறித்துவிடலாம். அதே வெந்நீர், அதே பழம். ஒன்று ஏன் மாறுகிறது, இன்னொன்று ஏன் மாறவில்லை?

ஆவாரை கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லாத செடி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தச் செம்மண், சுண்ணாம்புக்கல் நிலங்களில் யாரும் நடாமலே வளரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு புதர் முழுக்க மஞ்சளாகும். மார்கழி முடிகிற நாளில் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுவது இதைத்தான். பொங்கல் முடிந்ததும் பெண்கள் கூட்டமாகக் கும்மியடித்துக்கொண்டு பூப்பறிக்கிற நோம்பிக்குப் போவதும் பெரும்பாலும் இதற்காகத்தான். கூட்டு, சாம்பார், காய்ச்சிய நீர் என்று சமையலறைக்கும் அது பழகிய பூ. சங்குப்பூவை மட்டும் நாம் நெடுங்காலம் பூசைக்கும் மருந்துக்குமே வைத்திருந்தோம். நீலத் தேநீராக அது பரவியது அண்மைக் காலத்தில்தான்.

முதலில், வெந்நீர் ஒரு பூவிலிருந்து எதை எடுக்கிறது என்று பார்ப்போம். பூவின் நிறம் எல்லாம் ஒரே வகைப் பொருளால் வருவதில்லை. செண்டுமல்லியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள்: பூ அத்தனை ஆரஞ்சாக இருந்தாலும் நீரில் அந்த ஆரஞ்சு இறங்காது. அதன் நிறமி கரோட்டினாய்டு வகை. கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. அதனால்தான் சத்தியமங்கலம் வட்டாரத்தில் விளையும் செண்டுமல்லியிலிருந்து நிறம் எடுக்கும் ஆலைகள் நீரை நம்புவதில்லை, ஹெக்சேன் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்துகின்றன. அப்படி எடுத்த நிறம் கோழித்தீவனத்தில் சேர்ந்து முட்டையின் மஞ்சள் கருவை இன்னும் மஞ்சளாக்குகிறது.

ஆவாரையும் சங்கும் டம்ளருக்குள் இறக்குவது வேறு குடும்பத்தை. அதற்கு ஃபிளாவனாய்டு என்று பெயர். இவை இதழின் ஒவ்வொரு செல்லுக்கும் நடுவே இருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பைக்குள் ஏற்கெனவே கரைந்த நிலையில் இருப்பவை. வெந்நீர் அந்தப் பையின் சவ்வைச் சிதைத்ததும் வெளியே வந்துவிடுகின்றன. ஆக, டம்ளரில் மஞ்சளாகத் தெரிகிறதே, அது நீரில் கரைவது என்பதாலேயே கரோட்டினாய்டு அல்ல என்று சொல்லிவிடலாம். ஒரு பூவின் நிறமி எந்த வகை என்று சமையலறையிலேயே பிரித்தறிய இதைவிட எளிய சோதனை கிடையாது: நீரில் இறங்குகிறதா, நெய்யில் இறங்குகிறதா?

ஃபிளாவனாய்டு பெரிய குடும்பம். நீலம், ஊதா, சிவப்பு தரும் கிளையை ஆந்தோசயனின் என்கிறார்கள். நாம் இதைப் பூநிறமி என்று அழைக்கலாம். சங்கு, செம்பருத்தி, பன்னீர் ரோஜா மூன்றிலும் இருப்பது இது. வெளிர்மஞ்சள் தரும் கிளைக்கு ஃபிளாவனால் என்று பெயர். ஆவாரம்பூ நீரின் மஞ்சள் இந்த வகையைச் சேர்ந்தது. எலுமிச்சைக்கு இரண்டும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு மூலக்கூறுக்கு நிறம் எப்படி வருகிறது? அதிலுள்ள எலெக்ட்ரான்களில் சில ஓர் அணுவோடு கட்டுண்டு கிடக்காமல், பல அணுக்களின் மேல் பரவி இருக்கும். ஒளி வந்து விழும்போது, தமக்குப் பொருந்தும் ஆற்றலுள்ள கதிரை மட்டும் அவை விழுங்கும். மீதி நம் கண்ணுக்கு வரும். சங்குப்பூ நீர் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியை விழுங்குகிறது. எஞ்சுவது நீலம். ஆவாரம்பூ நீர் விழுங்குவதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாத புறஊதாக் கதிர். கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் ஊதாவின் ஓரத்தை மட்டும் சற்றுக் கடிக்கிறது. அதனால் எஞ்சுவது வெளிர்மஞ்சள்.

எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் என்றால், புரோட்டான் எனப்படும் ஹைட்ரஜன் கருவை மற்றவற்றுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் பொருள். பூநிறமியின் மூலக்கூறு அப்படி ஒரு புரோட்டானை ஏற்றுக்கொள்ளும். ஏற்றதும் அதற்கு நேர்மின்னூட்டம் வந்து, பரவியிருந்த எலெக்ட்ரான்களின் அமைப்பு மாறிவிடும். இப்போது அது விழுங்குவது பச்சைப் பகுதியை. எஞ்சுவது ஊதாவும் சிவப்பும். ஃபிளாவனாலுக்கோ எலுமிச்சை கொடுக்கும் புரோட்டானைப் பெறுவதில் ஆர்வமில்லை. அதன் மீதுள்ள புரோட்டான்களை யாராவது பிடுங்கினால்தான் நிறம் மாறும். ஆகவே ஆவாரம்பூ நீரிடம் கேட்க வேண்டிய கேள்வி எலுமிச்சையில் இல்லை, ஆப்ப சோடாவில் இருக்கிறது. தனியே கொஞ்சம் எடுத்து ஒரு சிட்டிகை சோடா போடுங்கள்: வெளிர்மஞ்சள் அடர்மஞ்சளாகும். சங்குப்பூ நீரில் போட்டால் பச்சைச் சாயல் ஏறும். சோதனைக்கு எடுத்ததைக் குடிக்க வேண்டாம், சுவை கெட்டிருக்கும்.

இந்தச் சோதனையின் வயது 350 ஆண்டுகளுக்கும் மேல். 1664இல் நிறங்களைப் பற்றி விஞ்ஞானி ராபர்ட் பாயில் வெளியிட்ட நூலில், வயலட் பூவைச் சர்க்கரையில் ஊறவைத்து எடுத்த பாகின் மேல் அமிலத்தையும் காரத்தையும் விட்டுப் பார்த்ததை எழுதியிருக்கிறார். அமிலத்தில் சிவந்தது, காரத்தில் பச்சையானது. ஒரு திரவம் அமிலமா காரமா என்று பிரித்தறிய அறிவியல் முதலில் நம்பிய கருவிகளில் ஒன்று இந்தப் பூச் சர்பத். பின்னர் ஜெர்மானிய வேதியியலாளர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர், 1913ஐ ஒட்டிய ஆண்டுகளில், கார்ன்ஃபிளவர் என்ற நீலப் பூவிலிருந்தும் சிவப்பு ரோஜாவிலிருந்தும் நிறமியைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒரே பொருள்! தாவர நிறமிகளை ஆராய்ந்ததற்காக 1915இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரே நிறமி இரண்டு நிறம் காட்டுவதற்கு இதழ்ச் சாற்றின் அமில அளவுதான் காரணம் என்று அவர் கருதினார். ஆனால் நீல இதழின் சாறும் அப்படியொன்றும் காரத்தன்மை உடையதல்ல என்பது தெரிந்ததும் அந்த விளக்கம் ஆட்டம் கண்டது. நூற்றாண்டு விவாதத்துக்குப் பிறகு, 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த நீல நிறமியைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் பார்த்தார்கள். ஆறு பூநிறமி மூலக்கூறுகளும் ஃபிளாவனாய்டின் இன்னொரு கிளையான ஃபிளாவோனின் ஆறு மூலக்கூறுகளும் இரும்பு, மக்னீசியம், கால்சியம் அயனிகளைச் சுற்றி அடுக்கப்பட்டிருந்தன. அந்த அடுக்குதான் நீலம்.

நம் சங்குப்பூவுக்கு அந்த உலோக உதவியும் தேவைப்படுவதில்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாதாரணப் பூநிறமியை வெறும் நீரில் போட்டால் நெடுநேரம் தாங்காது. நீர் மூலக்கூறே வந்து அதன் நடுவளையத்தில் ஒட்டிக்கொண்டு நிறத்தை அழித்துவிடும். ரோஜா இதழைக் கொதிநீரில் போட்டால் இதழும் வெளுக்கிறது, நீரிலும் பெரிதாக நிறம் நிற்பதில்லை, எலுமிச்சை விட்டதும் சட்டென்று சிவப்பு திரும்புகிறது அல்லவா? காரணம் இதுவே. அமிலம் வந்ததும் ஒட்டிய நீர் விலகி, நிறமுள்ள வடிவம் மீள்கிறது. சங்குப்பூவின் நிறமிக்கு டெர்னாட்டின் என்று பெயர். அதன் ஓரவளையம் ஒன்றின் இரு பக்கமும் சர்க்கரையும் நறுமண அமிலங்களும் மாறிமாறிக் கோத்த நீண்ட கைகள் உண்டு. கோழிக்குஞ்சின் மேல் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் காப்பதுபோல, அந்தக் கைகள் மடங்கி நடுவளையத்தை மூடிக்கொள்கின்றன. நீரால் உள்ளே நுழைய முடியாது. அதனால்தான் டம்ளரில் அத்தனை நேரம் நீலம் நிற்கிறது.

கைகள்தான் காக்கின்றன என்று எப்படித் தெரியும்? இயற்கையே அதற்கான ஒப்பீட்டைச் செய்து வைத்திருக்கிறது. சங்குப்பூவில் நீலம், வெள்ளை, வெளிறிய ஊதா என்று வகைகள் உண்டு. 2003இல் ஜப்பானில் ஓர் ஆய்வுக்குழு இவற்றின் இதழ்களைப் பிரித்துப் பார்த்தது. நீலப் பூவில் டெர்னாட்டின் இருந்தது. வெளிறிய ஊதாவில் நடுவளையம் அதேதான், ஆனால் அந்த நீண்ட கைகள் இல்லை. வெள்ளையில் பூநிறமியே இல்லை, வெளிறிய உறவினரான ஃபிளாவனால்கள் மட்டும் இருந்தன. கை போனால் நீலம் போகிறது. வெள்ளைச் சங்கில் தேநீர் போட்டு நிறம் வரவில்லையே என்று பூவைக் குறை சொல்வதில் பொருளில்லை.

நிறம் போதும், நாக்குக்கு வருவோம். ஆவாரம்பூ நீரைக் குடித்ததும் நாக்கு சற்றே உலர்ந்து இழுக்கும். அந்தத் துவர்ப்பைத் தருவது டானின். இந்தப் பொருளை ஈரோட்டுக்காரர்களுக்கு வேறு வழியில் தெரியும். ஆவாரம்பட்டைதான் தென்னிந்தியத் தோல் தொழிலின் பழைய மூலப்பொருள். பட்டையை ஊறவைத்த நீரில் ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஊறவைத்துப் பதனிட்டு, சென்னை மாகாணத்திலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தார்கள். பின்னாளில் வாட்டில் மரப்பட்டையும் குரோமியமும் அதன் இடத்தைப் பிடித்தன. பச்சைத்தோல் அழுகுவது அதிலுள்ள புரதத்தை நுண்ணுயிரிகள் தின்பதால். டானின் அந்தப் புரத இழைகளைப் பற்றி ஒன்றோடொன்று பிணைத்துவிடும். நுண்ணுயிரிக்குத் தீனி இல்லாமல் போகும், தோல் தோற்பொருளாகும். நாக்கில் நடப்பதும் அதே வேதியியல், சிறிய அளவில். உமிழ்நீரில் வழுவழுப்புத் தரும் புரதங்களை டானின் பற்றித் திரட்டிவிடுகிறது. வழுவழுப்பு போனதும் நாக்கு கன்னத்தில் உரசுவதை நாம் துவர்ப்பு என்று உணர்கிறோம். இனிப்பு, புளிப்பு போல இது சுவை மொட்டின் வேலை மட்டும் அல்ல, தொடு உணர்வும் சேர்ந்தது.

இதிலிருந்து சமையலறைக்கு இரண்டு செய்திகள். பால் சேர்த்தால் துவர்ப்பு குறையும், ஏனென்றால் உமிழ்நீர்ப் புரதத்துக்குப் பதில் பாலின் கேசீன் போய் டானினிடம் மாட்டிக்கொள்ளும். அடுத்தது, இரும்புச் சட்டியில் ஆவாரம்பூவைக் காய்ச்சாதீர்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் கருமை பிறக்கும். கடுக்காயையும் இரும்பு உப்பையும் சேர்த்து மை காய்ச்சியவர்கள் கண்டதும் இதைத்தான். எவர்சில்வரோ மண்பானையோ போதும்.

துவர்ப்பு இருக்கிறது, தேன் எங்கே? ஆவாரம்பூவில் தேன் கிடையாது. இந்தப் பேரினத்துப் பூக்கள் வண்டுக்குக் கொடுப்பது மகரந்தத்தை மட்டும். அதையும் எளிதில் கொடுப்பதில்லை. மகரந்தப்பை பிளந்து திறக்காது, நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. கரிய தச்சுத்தேனீ வந்து பூவைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிரவிடும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் தெறிக்கும். காலை வெயில் ஏறும் நேரத்தில் ஒரு புதரருகே நின்றால் அந்த ரீங்காரம் பறக்கும்போது ஒன்றாகவும் பூவில் அமர்ந்ததும் சுருதி கூடி வேறாகவும் கேட்கும். ஆவாரம்பூ நீருக்கு இனிப்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை இதற்கு நன்றாகப் பொருந்தும், துவர்ப்போடு அதன் மணமும் சேரும். சங்குப்பூவுக்கு மட்டும் வெள்ளைச் சர்க்கரை. நாட்டுச்சர்க்கரையின் பழுப்பு நீலத்தைக் கொன்றுவிடும்.

பறித்த பூவை அலசலாமா? ஐரோப்பாவில் எல்டர் என்றொரு குறுமரம் உண்டு. கோடை தொடக்கத்தில் அதன் வெண்ணிறப் பூங்கொத்தைக் காட்டோரத்தில் பறித்து, சர்க்கரைப்பாகிலும் எலுமிச்சையிலும் ஊறவைத்துச் சர்பத் செய்வது அங்கே ஊர்ப்பழக்கம். அவர்கள் பூவைக் கழுவமாட்டார்கள், பூச்சி போக உதறுவதோடு சரி. மணத்தில் பெரும்பங்கு அந்த மகரந்தத் தூளில் இருப்பதாகச் சொல்வார்கள். ஆவாரையில் மகரந்தம் பைக்குள் அடைபட்டிருப்பதால் நமக்கு அந்தக் கவலை இல்லை. தாராளமாக அலசலாம், நம் ஊர்ப் புழுதிக்கு அலசத்தான் வேண்டும். ஆனால் அலசியதும் உலர்த்துவது நிழலில்தான். காயம்பட்ட இதழில் செல்லின் நொதிகள் ஃபிளாவனாய்டுகளைப் பழுப்பாக்கும், வெயிலின் புறஊதாவும் அவற்றைச் சிதைக்கும். காற்றோட்டமான நிழலில் மெல்லியதாகப் பரப்பி, விரலால் நசுக்கினால் நொறுங்கும் பதம் வரை உலர்த்தினால் நிறமும் தங்கும், பூஞ்சையும் வராது.

சர்பத்தாக வைப்பதென்றால் உலர்த்தவே தேவையில்லை. செம்பருத்தி இதற்கு ஏற்ற பூ. காம்பு, புல்லி, நடுத்தண்டு நீக்கிய இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தால் கருஞ்சிவப்பு ஊதா இறங்கும். எலுமிச்சை பிழிந்ததும் தெளிந்த செந்நிறம் வரும். வடிகட்டி, எடையில் நீரைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு சர்க்கரை கரைக்க வேண்டும். இந்த அளவு இனிப்புக்காக மட்டும் அல்ல. பாகின் எடையில் 65 சதவீதம் போலச் சர்க்கரை இருந்தால், அங்குள்ள நீரில் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்துகிடக்கும். உள்ளே விழும் நுண்ணுயிரி நீரைப் பெறுவதற்குப் பதில் தன் உடலிலுள்ள நீரை இழந்து சுருங்கும். எலுமிச்சையின் அமிலம் அதற்குத் துணைக் காவல். சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தால் அது பாகு அல்ல, ஈஸ்ட்டுக்கு விருந்து. இதழில் இயல்பாகவே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் நாலைந்து நாளில் மூடியைத் தள்ளிவிடும். குறைந்த இனிப்பில் வேண்டும் என்பவர்கள் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் குடித்து முடிப்பது நல்லது.

ஆவாரம்பூ என்றதும் சர்க்கரை நோய் என்ற பேச்சு வராமல் இருக்காது. 2002இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மருந்து கொடுத்து நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஆவாரம்பூச் சாற்றைக் கொடுத்து, இரத்தச் சர்க்கரை குறைந்ததாக வெளியிட்டார்கள். மதிக்க வேண்டிய வேலை. ஆனால் அங்கே எலியின் எடைக்கு அளந்து கொடுத்தது செறிவூட்டிய சாறு. நம் டம்ளரில் இருப்பது ஐந்து நிமிடம் ஊறிய நீர், அளவு பூவுக்குப் பூ மாறும். எலியிடமிருந்து மனிதருக்கு வர, மருந்தெடுக்கும் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து நெடுநாள் ஒப்பிட வேண்டும். அதுவரை இது நல்ல பானம். மாத்திரையை நிறுத்துவதற்கான காரணம் அல்ல. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் தினமும் குடிப்பதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிக்க வேண்டும்.

பறிக்கப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது. மஞ்சள் பூவெல்லாம் ஆவாரை அல்ல. வேலியில் அழகுக்கு நிற்கும் மஞ்சள் அரளி முழுச்செடியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆனால் அதன் பூ குழல் வடிவானது, குழப்பம் நேராது. குழப்பம் நேரக்கூடியது ஆவாரையின் நெருங்கிய உறவான பேயாவிரையோடு. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் பல ஆண்டுகளாக மழைக்காலம் முடியும் பருவத்தில் சிறு குழந்தைகள் வாந்தி எடுத்து, நினைவிழந்து, சில நாட்களில் இறந்துகொண்டிருந்தார்கள். வைரஸ் மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. பிஜ்னோர் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வுக்குத் தலைமை தாங்கியிருந்த டி. ஜேக்கப் ஜானும் சேர்ந்து ஆராய்ந்தபோது, மூளையில் அழற்சிக்கான அடையாளம் இல்லை, ஆனால் கல்லீரலும் தசையும் சிதைந்திருந்தன. வைரஸுக்கு அது பொருந்தவில்லை. ஏதோ நஞ்சு என்று பட்டது. நோயுற்ற குழந்தைகள் தின்றவற்றை அதே ஊரின் நலமான குழந்தைகள் தின்றவற்றோடு ஒப்பிட்டார்கள். விளையாட்டாகத் தின்ற பேயாவிரை விதை அங்கே தனித்துத் தெரிந்தது. 2007இல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆகவே பூவை மட்டும் பார்த்துப் பறிக்காதீர்கள், இலையையும் காயையும் பாருங்கள். பேயாவிரையில் நாலைந்து இணைச் சிற்றிலைகள்தான், ஒவ்வொன்றும் பெரிது, நுனி கூர்மை. கசக்கினால் குமட்டும் நாற்றம். காய் குறுகி நீண்டு மேல்நோக்கி வளைந்து நிற்கும். ஆவாரையில் எட்டு முதல் பன்னிரண்டு இணை, சின்னச்சின்னதாக, நுனி மழுங்கி இருக்கும். காய் தட்டையாகக் காகிதம்போல் மெலிந்து தொங்கும். இவை தவறினாலும் தவறாத அடையாளம் ஒன்று உண்டு: இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இருபுறமும் காதுமடல் வடிவில் அகன்ற பச்சை இலையடிச் செதில் இருந்தால் அது ஆவாரை. அது இல்லாத புதரை விட்டுவிட்டு அடுத்த புதருக்குப் போங்கள். நெடுஞ்சாலைப் புகையும் மருந்தடித்த தோட்டமும் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு கிளையில் பாதிப் பூவைத் தச்சுத்தேனீக்கு விட்டுவிட்டுப் பறியுங்கள்.